ரோமாபுரி வேலைக்காரி

அந்தம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவரை மேடையில் ஏற்றிவிட்ட புண்ணியவதி நான்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. நாடகத்தின் கதாநாயகி ஒரு புதுச்சேரிப் பெண். அவள் காலத்தைக் கடந்து ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த ரோமாபுரிக்குப் போய், ஒரு வீட்டு வாசலில் மயங்கி விழ வேண்டும். வேலைக்காரி கதவைத் திறந்து, "யாரம்மா நீ? உள்ளே வா" என்று கூப்பிட வேண்டும். கதாநாயகியாக நடித்த ரொசாலி நன்றாகவே விழுந்தாள். வேலைக்காரியாக வந்த அந்தம்மா கதவைத் திறந்தார், பார்த்தார், வசனத்தைக் காற்றில் விட்டார். சட்டென்று முழங்காலிட்டு ரொசாலியின் மணிக்கட்டைப் பிடித்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார். ரவிக்கையின் மேல் கொக்கியைத் தளர்த்தினார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க, காத்து வரட்டும். ஏம்மா, காலைல என்னா சாப்ட்ட?"

ரொசாலி மூடிய கண்ணைத் திறக்காமலே, "இட்லி" என்றாள்.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என்னாத்துக்கு சிரிக்கறீங்க? நாடி எப்படி அடிக்குது தெரியுமா? பொய்யா வுழுந்தாலும் ஒடம்புக்கு அது நெசந்தான்" என்றார்.

அவர் எங்கள் பகுதியின் மருத்துவச்சி. பெயர் ஒன்று இருந்தது, அழகான பெயர்தான். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மருத்துவச்சியம்மா' என்றால் குருசுக்குப்பத்தின் கடலோரக் குடிசைகளிலிருந்து ரெட்டியார்பாளையம் வரை எல்லோருக்கும் அவர்தான். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் அப்போது மாதா கோவிலை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். அந்தம்மாவுக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும்.

நல்ல உயரம், நல்ல கறுப்பு. எப்போதும் வெள்ளைச் சேலை, கையில் தோல் பை. நடையில் ஒரு தோரணை உண்டு, எதிரில் மாட்டுவண்டி வந்தால் வண்டிதான் ஒதுங்க வேண்டும். தலைமுடியில் மட்டும் அபார கர்வம். முழங்கால் வரை இருந்த கூந்தலை அள்ளிச் சொருகி, அதை யாராவது கவனித்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கோவிலில் பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். எழுப்பினால், "நான் முழிச்சுத்தான் இருந்தேன்" என்று எல்லோரையும்போலச் சொல்லமாட்டார். "தூங்கிட்டேன். விடியற வரைக்கும் ஒரு பிரசவம்" என்பார். சாமியாரே கேட்டபோதும் இதே பதில்தான்.

பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர். அதனால் வலி எடுத்துக் கிடக்கும் பெண்களிடம் "புஸ்ஸே! புஸ்ஸே!" என்று கத்துவார். பிரெஞ்சில் தள்ளு என்று அர்த்தம். குருசுக்குப்பத்து மீன்காரப் பெண்கள் அது ஏதோ மந்திரம் என்று நம்பினார்கள். ஒருத்தி தன் மாடு கன்று ஈனும்போதுகூட அதன் காதில் "புஸ்ஸே" சொல்லிப் பார்த்ததாகப் பேச்சு. சென்னையிலிருந்து புதிதாக வந்த டாக்டர் ஒருவர், இனிமேல் பிரெஞ்சு வேண்டாம், தமிழிலேயே சொல்லுங்கள் என்றாராம். "எதுல சொன்னாலும் தள்ள வேண்டியது அவதானே டாக்டர்" என்று அந்தம்மா சொல்லிவிட்டு, அடுத்த பிரசவத்திலும் "புஸ்ஸே" என்றே கத்தினார்.

பொய் என்பது அவர் வாயில் வராது. நல்லதுக்குச் சொல்கிற பொய்கூட வராது. தலைப்பிரசவத்துக்குக் கிடக்கும் பெண், "ரொம்ப வலிக்குமா?" என்று அழுதுகொண்டே கேட்டால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? ஒன்றுமில்லை, எறும்பு கடிக்கிற மாதிரி என்பார்கள். அந்தம்மா, "வலிக்கும். செத்துருவோம்னு தோணும். ஆனா சாவ மாட்ட" என்பார். அதைக் கேட்டு மயங்கினவர்களும் உண்டு, தைரியம் வந்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் அதிகம்.

ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு வீட்டில் ராகு காலத்தில் பேரன் பிறந்துவிட்டான். வேதக்காரக் குடும்பம்தான், கிறிஸ்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அலமாரிக்குள் பஞ்சாங்கம் இல்லாத வேதக்காரக் குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. குழந்தையின் பாட்டி அந்தம்மாவைத் தனியே கூப்பிட்டு, பிறந்த நேரத்தை ராகு காலத்துக்கு முந்தி என்று சொல்லிவிடும்படி கெஞ்சினார். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "தாராளமா மாத்திக்குங்க. ஞானஸ்நானம் குடுக்கற சாமிகிட்ட போயி ராகு காலத்துல பொறந்துட்டான்னு சொல்லுங்க, அவரு எழுதிக் குடுப்பாரு" என்றார். பாட்டிக்கு வந்த கோபம் அடுத்த பேத்தி பிறக்கும்வரை இருந்தது. அப்போதும் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் அக்காவுக்கு முதல் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அக்கா பாதி மயக்கத்தில் கிடந்தாள். என் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி, குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று இரண்டு நாளைக்குச் சொல்லிவைப்பது என்று தீர்மானித்தார்கள். அந்தம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் படுக்கவைத்தார்.

"பையன். மூச்சு வரல. என்னால ஆனதெல்லாம் பாத்துட்டேன் கண்ணு. ஒம் புள்ள, நீ பாத்துக்கோ."

என் அம்மா, "நீ பொம்பளதானா?" என்று அவரைக் கேட்டுவிட்டாள். அதற்கும் அவர் வெளியே போகவில்லை. அக்கா அந்தக் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். சில வருஷம் கழித்து அக்கா என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கு அந்தம்மா காட்டாம வுட்டிருந்தா, நான் காலம் பூரா அந்தப் பையனத் தேடிக்கிட்டே இருந்திருப்பேன்." எனக்கு அந்தம்மாமேல் பைத்தியம் பிடித்ததே அக்கா அப்படிச் சொன்ன பிறகுதான்.

நாடகத்துக்கு வருகிறேன். உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் பெண்கள் மட்டும் சேர்ந்து நாடகம் போடுவது வழக்கம். ஆண் வேஷமும் பெண்களே. மீசையை அடுப்புக்கரியால் வரைந்துகொள்வோம். வழக்கமாக ஏதாவது ஒரு புனிதையின் சரித்திரம் இருக்கும். அந்த வருஷம் பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரியான மதர், என்னை எழுதச் சொன்னார். எனக்கோ புதுமை செய்ய வேண்டும் என்று அரிப்பு. பலகையில் ஒரு பெரிய கடிகாரம் வரைந்து, அதன் முள்ளை ஒரு புதுச்சேரிப் பெண் பின்பக்கமாகச் சுற்ற, தகரத்தைத் தட்டி இடி முழக்க, அவள் நேராக ரோமாபுரியில் போய் விழுவதாக எழுதினேன். அங்கே ஒளிந்து ஜெபிக்கும் கிறிஸ்தவர்களைச் சந்திக்கிறாள், சேர்ந்து சாப்பிடுகிறாள், சேவகர்கள் வந்து அவர்களை இழுத்துப் போகிறார்கள், இவள் மட்டும் திரும்பி வருகிறாள். என் வயதுக்கு அது பெரிய சாதனை என்று எனக்கு நினைப்பு.

பங்குச் சாமியார் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைக்காரச் சாமியார், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"இவள் கனவு காண்கிறாளா?"

"இல்லை சாமி, நிஜமாகவே போகிறாள்."

"அதுதான் சிக்கல். இவள் பிறப்பதற்கு முந்திய காலத்துக்குப் போகிறாள். அப்படியானால் இவள் பெற்ற ஞானஸ்நானம் இன்னும் நடக்கவே இல்லை. ஞானஸ்நானம் இல்லாதவள் எப்படி அவர்களோடு பந்தியில் உட்கார முடியும்?"

ஏதோ பிறப்புப் பதிவு விஷயமாகக் காத்திருந்த மருத்துவச்சியம்மா வாசலில் நின்றபடியே, "ஊத்துன தண்ணி எங்க சாமி போவும்? ஊத்துனது ஊத்துனதுதான்" என்றார். சாமியார் படித்த லத்தீன் புத்தகங்களில் இதற்கு மேல் இல்லை போலிருக்கிறது. சரி, நடத்துங்கள் என்றுவிட்டார்.

வேலைக்காரி வேஷத்துக்கு வைத்திருந்த பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. நான் அந்தம்மாவிடம் கேட்டேன். "கதவு தெறக்கணும், ரொட்டி கொண்டாரணும், அவ்ளோதானே? தெறக்கறேன்" என்றார். முக்காடு போட்டால் கூந்தல் தெரியாதே என்று மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலைக்காரியை நான் கவனித்து எழுதவே இல்லை. கதவு தானாகத் திறக்காது என்பதற்காக ஒருத்தி. பெரியவர்கள் சாப்பிட உட்காரும்போது ரொட்டியைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். அந்தம்மா தன் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்:

"டீச்சரம்மா, இவளும் வேதக்காரிதானே?"

"ஆமா."

"இவ எப்ப சாப்புடறா?"

அன்றே அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினேன். வேலைக்காரியும் பந்தியில் உட்காருவாள். ஒரே ரொட்டியை அவளே பிட்டு, முதலில் தான் ஒரு வாய் சாப்பிட்டு, பிறகு எல்லோர் கையிலும் கொடுப்பாள். எல்லோரும் சாப்பிடுவார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்று ஞானோபதேச வகுப்பில் நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

சொல்லிக்கொடுப்பது வேறு. எங்கள் கோவிலுக்குள் ஒரு காலத்தில் குறுக்குச் சுவர் இருந்தது, மேல்சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்பார்கள். என் நாளில் சுவர் இல்லை. ஆனால் அது இருந்த இடம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அந்தம்மா அந்த இடத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே சேரியில் பிறந்தவர். பிரசவம் பார்க்கப் பெரிய வீடுகளுக்குப் போனால் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும். அவர் போனதும் வீட்டைக் கழுவிவிடுவார்கள். "ரத்தம் கெடந்தா கழுவத்தானே வேணும்" என்று நான் சமாதானமாக ஒருமுறை சொல்லப்போக, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தத்த நானே கழுவிட்டுத்தான் வருவேன். அவங்க கழுவறது என்ன" என்றார்.

ரொசாலி பெரிய வீட்டுப் பெண். பதினாறு பதினேழு வயது. ஒத்திகைக்கு வந்து பார்த்த அவள் அம்மா, மறுநாள் மதரோடு என்னிடம் வந்தார். அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

"நாடகந்தானே டீச்சர். ரொட்டிய அட்டையில வெட்டிக்கலாமே? பொண்ணுக்கு எடம் பாத்துக்கிட்டிருக்கோம். மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் அன்னைக்கு வர்றாங்க. அவ கையால வாங்கித் தின்னான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

மதர் தரையைப் பார்த்தபடி, "அட்டை நல்ல யோசனைதான்" என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்த வீடு அது.

அட்டையில் ரொட்டி செய்து, காவி நிறம் பூசிக் கொண்டுவந்தார்கள். அந்தம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா?"

"ரொட்டி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இத நான் யாருக்கும் திங்கக் குடுக்க மாட்டேன். ரொட்டின்னா ரொட்டி. வேணாங்கறவங்க வேணாம்னு சொல்லட்டும், நான் கோச்சுக்க மாட்டேன். வாங்காமயே வாங்குன மாதிரி மட்டும் வேணாம்" என்று அட்டையை மேசைமேல் வைத்துவிட்டார்.

அவர் விலகிக்கொண்டால் மதருக்கு நிம்மதி. பழையபடி வேலைக்காரி ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள், யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். நான் அந்தம்மாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். ரொசாலி பிறந்தபோது நீலம் பாரித்து, பிழைக்காது என்ற நிலையில், சாமியார் வரும்வரை தாங்காது என்று இந்தம்மாதான் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். உயிருக்கு ஆபத்தென்றால் மருத்துவச்சி கொடுத்தாலே செல்லும் என்பது எங்கள் வேத வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்த என் அம்மா அதைக் கண்ணால் பார்த்தவள்.

"அவ வேதத்துல சேந்ததே உங்க கையாலதானே! அத ரொசாலி அம்மா மூஞ்சிக்கு நேரா கேளுங்க. நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்."

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது.

"கேக்கக் கூடாது. பிரசவ ரூம்புல நடந்தது அங்கயே கெடக்கணும். அவ அன்னைக்கு எங் கால்ல வுழுந்து அழுதா. அத எடுத்து இன்னைக்கு அவ மூஞ்சில அடிச்சா, நாளைக்கு எந்தப் பொம்பள என்னய நம்பி உள்ள வுடுவா?"

கண் கலங்கியிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். ரொம்ப வலித்திருக்கிறது.

கடைசியில் நான் மதரிடம் போய், ரொட்டி இல்லை என்றால் நாடகமே இல்லை, சாமியாரிடம் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று நின்றேன். மதர் பயந்து சம்மதித்தார். ரொசாலியின் அம்மாவும் அதிசயமாகச் சம்மதித்தார். ஏன் என்பது ரொசாலி என்னிடம் வந்து அழுதபோதுதான் தெரிந்தது.

"கையில வாங்கிக்கச் சொன்னாங்க டீச்சர். வாய்கிட்ட கொண்டு போயிட்டு முக்காட்டுக்குள்ள போட்டுடணுமாம். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? தின்னா எங்கம்மா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

நான் அதை அந்தம்மாவிடம் சொன்னேன். "சின்னப் பொண்ணு, அவள ஒண்ணும் சொல்லாத. நான் குடுக்கறத ரொட்டியா குடுக்கறேன். அப்புறம் அவ பாடு" என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த நாடகத்தை மறுபடி யாரும் போடவில்லை. என்னை நாடகம் எழுதச் சொல்லி மதர் அதன்பின் கேட்கவில்லை. ரொசாலியின் கல்யாணம் அதே மாப்பிள்ளையோடு நடந்தது. அவள் அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். அந்தம்மா வழக்கம்போல "புஸ்ஸே" என்று கத்திக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டாம் வருஷம் மகளோடு இருக்கக் காரைக்காலுக்குப் போய்விட்டார். நான் அவரைப் பிறகு பார்க்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

வெயில் தணிந்து கடற்காற்று வந்துவிட்டது. முற்றம் நிறையக் கூட்டம். முதல் வரிசையில் சாமியார், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், ரொசாலியின் அம்மா. பின்னால் தரையில் குருசுக்குப்பத்துப் பெண்கள். அவர்கள் இந்துக்கள், தங்கள் மருத்துவச்சி கூத்தாடுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். கடிகாரம் சுற்றியது, தகரம் முழங்கியது, ரொசாலி விழுந்தாள். அந்தம்மா இந்தத் தடவை நாடி பார்க்கவில்லை. ஆனால் "யாரம்மா நீ?" என்று கேட்டுவிட்டு, "தலைல அடிபட்டுச்சா?" என்று சொந்தமாக ஒன்று சேர்த்துக்கொண்டார். பின்வரிசை கைதட்டியது.

பந்திக் காட்சி வந்தது. ரோமாபுரிப் பெண்களுக்கு வேறு உடை கிடைக்காமல், புது நன்மை வாங்கும் சிறுமிகளின் வெள்ளை முக்காடுகளை ரொசாலி உட்பட எல்லோருக்கும் போட்டிருந்தோம். ஆர்மோனியம் வாசித்தவளுக்கு மெதுவான பாட்டு என்று தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பூசையில் நன்மை கொடுக்கும்போது பாடுகிற பாட்டு. அதையே வாசித்தாள். இதையெல்லாம் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

எங்களுக்குள் நன்மை வாங்குவது என்றால், பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் வெள்ளை அப்பத்தை வாங்குவது. முழங்காலிட வேண்டும், கை கூப்ப வேண்டும், கண்ணை மூடி நாக்கை நீட்ட வேண்டும். அப்பத்தைக் கையால் தொடக்கூடாது. பல் படவே கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். சிறு வயதிலிருந்தே வாரம் தவறாமல் செய்து செய்து, அது எங்கள் உடம்போடு ஒட்டிப்போன பழக்கம்.

அந்தம்மா ரொட்டியைப் பிட்டார். தான் ஒரு வாய் தின்றார். வெள்ளைச் சேலையோடு, கையில் ஒரு துண்டு ரொட்டியோடு ரொசாலியின் முன்னால் வந்து நின்றார். ரொசாலி முதல் வரிசையில் இருந்த தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தம்மாவைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாத அந்தக் கணத்தில் அவள் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. முழங்காலிட்டாள். கை கூப்பினாள். கண்ணை மூடி நாக்கை நீட்டினாள்.

அந்தம்மா ஒரு நொடி தயங்கினார். பிறகு ரொட்டியை அவள் நாக்கில் வைத்தார்.

முற்றத்தில் பல பேர் சட்டென்று தலை குனிந்து மார்பில் தட்டிக்கொண்டார்கள். அதுவும் நன்மை நேரத்துப் பழக்கம்தான். முதல் வரிசையில் ரொசாலியின் அம்மாவுடைய கையும் மார்புக்குப் போய்ப் பாதியில் நின்றது.

ரொசாலி பல் படாமல் விழுங்கப் பார்த்தாள். அது மெல்லிய அப்பம் இல்லை. காலையில் வாங்கிக் காய்ந்துபோயிருந்த நீள ரொட்டியின் ஓரத்துண்டு. அவள் கண்கள் திறந்து பிதுங்கின. கை தொண்டைக்குப் போனது. சத்தமே வரவில்லை. கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்து ரசித்தது. அந்தம்மா நினைக்கவில்லை. ஒரே பிடியில் அவளைக் குனியவைத்து முதுகில் அறைந்தார். இரண்டு விரலை அவள் தொண்டைவரை விட்டுத் துழாவி, ரொட்டியை வெளியே இழுத்துப் போட்டார். ரொசாலிக்கு மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அவள் அம்மா எழுந்து மேடை ஓரத்துக்கு ஓடிவந்திருந்தார். "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று கையை நீட்டினார்.

அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சேலைத் தலைப்பால் ரொசாலியின் வாயைத் துடைத்தார். ரொட்டியின் நடுவிலிருந்து மிருதுவான துண்டு ஒன்றைப் பிய்த்து, இந்தத் தடவை அவள் கையில் வைத்தார்.

"இது நன்மை இல்லடி, ரொட்டி. மென்னு தின்னு."

ரொசாலி, தன் அம்மா நீட்டியிருந்த கையைப் பார்த்தாள். பிறகு ரொட்டியை வாயில் போட்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மென்று தின்றாள்.